அது வந்து, பாத்தீங்கன்னா… – வாசகர் கேள்வி பதில்

செல்போனில் எழுதும்போது நம்மை அறியாமல் வந்து விழும் நிரப்புச் சொற்களைப் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் பலர் கேள்வியோடு நிற்கவில்லை. தாங்கள் அனுப்பிய செய்தியையும் அப்படியே சேர்த்து அனுப்பிவிட்டார்கள். திருத்திக் காட்ட அது வசதியாகப் போயிற்று.

தக்காளி அனுப்பும்போது மண்டிக்கு வாட்ஸ்ஆப்பில் விவரம் எழுதிவிடுகிறேன். எழுதியும் ஒவ்வொரு தடவையும் போன் பண்ணி, ‘என்ன சொல்ல வர்றீங்க?’ என்று கேட்கிறார்கள். நான் அனுப்பியது இது: “அண்ணா வணக்கம், அது வந்து பாத்தீங்கன்னா, நேத்து சொன்னேன் இல்லீங்களா அந்தத் தக்காளி விஷயம்தான், ஆக்சுவலா என்னாச்சுன்னா மழைங்கறதால ஆளுங்க சரியா வரல, ஸோ அப்புறம் பாத்தா ஒரு நாப்பது பெட்டி மாதிரிதான் பறிச்சோம், அதாவது மீதி வந்து நாளைக்குத்தான் வரும்னு நினைக்கிறேன், அதான் ஒரு வார்த்தை சொல்லலாம்னு, ஓகேங்களா அண்ணா.” இதில் என்ன குறை?
– விவசாயி, பாலக்கோடு

எண்ணிப் பார்த்தால் 37 சொல். மண்டிக்காரர் தேடும் எண்ணிக்கை 22ஆவது சொல்லாக வருகிறது. அதுவரை அவர் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

‘அது வந்து பாத்தீங்கன்னா’ என்பதற்கு நேர்ப்பேச்சில் வேலை உண்டு. “யோசிக்கிறேன், பேச்சு இன்னும் என் கையில்தான் இருக்கிறது, குறுக்கே புகுந்துவிடாதீர்கள்” என்று அது எதிரில் இருப்பவருக்குச் சொல்கிறது. வாட்ஸ்ஆப்பில் குறுக்கே புக ஆளே இல்லை. நீங்கள் ஐந்து நிமிடம் யோசித்து எழுதினாலும் அவருக்குத் தெரியப் போவதில்லை. எடுத்துவிடுங்கள். ‘நேத்து சொன்னேன் இல்லீங்களா’வும் வேண்டாம். நேற்றைய செய்தியை விரலால் வலப்பக்கம் தள்ளினால் உங்கள் பதில் அதன் கீழேயே ஒட்டிக்கொள்ளும், எந்த விஷயம் என்பது தானாக விளங்கும். ‘ஸோ’, ‘அப்புறம்’, ‘பாத்தா’ மூன்றும் ஒரே வண்டியை இழுக்கும் மூன்று மாடு. காரணத்தைத் தனி வாக்கியமாக எழுதினால் மூன்றுமே தேவையில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் நேரத்தைத் தின்னும் சொற்கள். ‘ஒரு நாப்பது பெட்டி மாதிரி’ அப்படியல்ல, அது காசைத் தின்னும். ‘ஒரு’வும் ‘மாதிரி’யும் சேர்ந்து எண்ணைக் கரைத்துவிடுகின்றன. 35ஆ, 45ஆ? வண்டியில் இடம் ஒதுக்குகிறவர் போன் பண்ணாமல் என்ன செய்வார்? பெட்டி எண்ணி முடித்திருந்தால் ‘40’ என்று எண்ணாலேயே எழுதுங்கள். எண்ணி முடியவில்லை என்றால் ‘35க்குக் குறையாது’ என்று எழுதுங்கள். இரண்டுமே அவருக்கு உதவும். ‘நினைக்கிறேன்’ என்பதும் இதே கதைதான்: மீதி நாளைக்கு வருவது உறுதியா இல்லையா என்பதை அவர் தலையில் கட்டுகிறது.

இப்படி எழுதலாம்: “அண்ணா வணக்கம். இன்னைக்குத் தக்காளி 40 பெட்டிதான் வரும்ங்க. மழையால ஆள் கிடைக்கல. மீதி 60 நாளைக்குக் காலையில அனுப்பறேன்.” 15 சொல். ‘60’, ‘காலையில’ இரண்டும் நாமாகப் போட்டவை. உங்கள் செய்தியில் மீதி எத்தனை, எந்த நேரம் என்ற தகவலே இல்லை! 37 சொல் எழுதிய களைப்பில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகத் தோன்றிவிடுகிறது. நிரப்புச் சொற்களால் வரும் பெரிய கெடுதல் இதுதான்.

‘அண்ணா வணக்கம்’ இருக்கட்டும். அது நிரப்பு இல்லை, முறை.

என் தம்பி எழுதும் வரிக்கு வரி ‘தான்’ வருகிறது. மொத்தமாகத் தூக்கிவிடச் சொல்லலாமா?
– வாசகி, அரூர்

வேண்டாம். தமிழில் இதைவிடக் கூர்மையான சிறு கருவி கிடையாது. எங்கே ஒட்டுகிறோம் என்பதைப் பொறுத்து வாக்கியமே மாறிவிடும்.

“நான்தான் நேத்து ஒகேனக்கல் போனேன்” என்றால் வேறு யாரும் போகவில்லை. “நான் நேத்துதான் ஒகேனக்கல் போனேன்” என்றால் அதற்கு முன்னால் போகவில்லை. “நான் நேத்து ஒகேனக்கல்தான் போனேன்” என்றால் மேட்டூருக்குப் போனதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதை மறுக்கிறீர்கள். “நேத்து ஒகேனக்கல் போனேன்தான்” என்று முடித்தால் ஒப்புக்கொள்கிறீர்கள், ஆனால் அடுத்து ஒரு ‘ஆனா’ வரப்போகிறது.

தம்பியிடம் ஒரு சோதனையைச் சொல்லிக் கொடுங்கள். ‘தான்’ ஒட்டிய சொல்லைப் பார்த்து, “அப்போ வேற எது இல்ல?” என்று கேட்கட்டும். பதில் இருந்தால் ‘தான்’ இருக்கட்டும், இல்லையென்றால் எடுத்துவிடட்டும். மேலே பாலக்கோட்டுக்காரர் செய்தியில் ‘விஷயம்தான்’, ‘மாதிரிதான்’, ‘நாளைக்குத்தான்’, ‘அதான்’ என்று நான்கு இடத்தில் வருகிறது. ‘தக்காளி விஷயம்தான்’ என்பதற்கு எதிரே வேறு விஷயம் எதுவும் இல்லை, அதனால் போயிற்று. ‘40 பெட்டிதான்’ என்பதற்கு ‘100 இல்ல’ என்ற பதில் இருக்கிறது, அதனால் திருத்திய செய்தியிலும் தங்கிவிட்டது.

ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘தான்’ வந்தால் எதை அழுத்துகிறார் என்று தெரியாமல் போகும். ‘கூட’வுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். “வேற யார்?” என்று கேட்டுப் பாருங்கள்.

இலக்கண வகுப்பில் ‘அசைநிலை’ என்று படிக்கிறோம். பொருளே இல்லாமல் பாட்டில் நிற்கும் சொல் என்கிறார்கள். புலவர்கள் போட்டால் இலக்கணம், நாங்கள் ‘வந்து’ போட்டால் குற்றமா?
– கல்லூரி மாணவர், தர்மபுரி

கேள்வி நியாயமானது. நன்னூல் தருகிற அசைச்சொல் பட்டியல் யா, கா, பிற, அரோ, போ, மாது என்று நீள்கிறது. நாம் மேலே பேசிய ‘தான்’கூட அந்தப் பட்டியலில் இருக்கிறது. செய்யுளில் ஒரு சீர் குறைந்தால் ஓசை நொண்டும். அந்தக் குழியை நிரப்ப அசை வேண்டியிருந்தது. உரைநடையில் நிரப்ப வேண்டிய ஓசைக்குழி கிடையாது. பேச்சில் உண்டு, ஆனால் அது யோசிக்கிற நேரத்துக் குழி. ‘வந்து’ பேச்சுக்குப் பிறந்த அசை. எழுத்துக்குக் குடிவந்ததும் அதற்கு வேலை போய்விட்டது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ‘மன்’ என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் கழிவு (போய்விட்டது என்பது), ஆக்கம் (மேலும் ஆவது), ஒழியிசை (சொல்லாமல் விட்டதைக் குறிப்பது) என்று மூன்று பொருள் சொல்கிறது. நன்னூல் ஆறாக விரித்து, அந்த ஆறில் ஒன்றாக ‘அசைநிலை’யையும் வைக்கிறது. அதாவது ஒரே சொல் ஓரிடத்தில் வெறும் நிரப்பு, இன்னோரிடத்தில் முழுப் பொருள். உங்கள் ஊர்க்காரர் விஷயத்திலேயே இதைப் பார்க்கலாம். தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 235ஆம் பாட்டு. “சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே” என்று தொடங்குகிறது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான் என்பது செய்தி. அந்த ‘மன்’னை எடுத்துவிட்டுப் படியுங்கள்: அவன் இன்னும் உயிரோடு இருக்கிறான், இன்றைக்குப் போனாலும் கொடுப்பான் என்று ஆகிவிடும். “அதெல்லாம் போயிற்று” என்ற துக்கம் முழுவதையும் அந்த ஒற்றைச் சொல் தாங்குகிறது. வரிக்கு வரி அது திரும்ப வந்தும் ஒன்றுகூட நிரப்பு இல்லை.

ஆகவே ஒரு சொல் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். எடுத்தால் ஏதாவது குறைகிறதா என்று பாருங்கள். உங்கள் ‘வந்து’வை எடுத்துப் பார்த்துவிட்டு நீங்களே எழுதுங்கள்.

வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம், வேலையிடத்தில் தமிழ். எழுதும்போது ‘அண்டே’, ‘மத்தே’ எல்லாம் தமிழுக்குள் புகுந்துவிடுகிறது. எப்படித் தடுப்பது?
– வாசகர், ஓசூர்

புகுந்தது புதிய பழக்கம் இல்லை, ஒரே பழக்கத்தின் மூன்று சட்டை. ‘என்று சொன்னால்’ என்பதைத் தேய்த்துத் தேய்த்துத் தமிழில் ‘ன்னா’ ஆக்கினோம் (என்னன்னா, பாத்தீங்கன்னா). தெலுங்கில் அது ‘அண்டே’, கன்னடத்தில் ‘அந்த்ரே’. மூன்றும் ‘சொல்’ என்ற பொருள் தரும் வினையிலிருந்து வந்தவை. ‘என் பேர் வந்து’ என்கிறோமே, அந்த ‘வந்து’வுக்கும் தெலுங்கில் ‘வச்சேசி’, கன்னடத்தில் ‘பந்து’ என்று ஆள் தயாராக இருக்கிறது. (கன்னடத்துக்காரர் தமிழ் எழுத்தில் ‘நன்ன ஹெசரு பந்து’ என்று அனுப்பினால், பெயருக்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தமிழர் முழிப்பார்.)

எனவே ‘அண்டே’வை எடுத்துவிட்டு ‘அதாவது’ போட்டால் நிரப்புக்கு நிரப்பு மாற்றியதுதான் மிச்சம். அந்த இடத்தில் ஒரு முற்றுப்புள்ளியோ முக்காற்புள்ளியோ வைத்துப் பாருங்கள், பத்தில் எட்டு இடத்தில் போதும். ‘மத்தே’க்கு மட்டும் யோசிக்க வேண்டும். ‘அப்புறம்’ என்ற பொருளில் வந்தால் எடுத்துவிடலாம். ‘மறுபடி’ என்ற பொருளில் வந்தால் எடுக்கக் கூடாது: “மத்தே வந்தான்” என்பதில் இரண்டாம் தடவை வந்தான் என்ற தகவல் இருக்கிறது.

குடும்பக் குழுவில் இதையெல்லாம் திருத்த வேண்டாம். அங்கே அது வீட்டு மணம்.

ஓசூர் தொழிற்பேட்டையில் வேலை. மேலாளருக்கு எழுதும்போது ‘ஜஸ்ட்’, ‘ஆக்சுவலா’, ‘பேசிக்கலி’ இல்லாமல் எழுதினால் மரியாதைக் குறைவாகத் தெரிகிறதே?
– வாசகர், சூளகிரி

மரியாதை அந்தச் சொற்களில் இல்லை, கேட்கிற முறையில் இருக்கிறது. “சார், ஜஸ்ட் ஒரு சின்ன விஷயம், ஆக்சுவலா லீவ் பத்தித்தான்” என்று எழுதினால் பணிவு தெரியாது, தயக்கம்தான் தெரியும். “சார், வர்ற திங்கள், செவ்வாய் இரண்டு நாள் லீவ் வேணும். மிஷின் வேலையை எந்த ஷிப்ட்காரர்கிட்ட ஒப்படைக்கட்டும்னு சொன்னா ஏற்பாடு பண்ணிடறேன்” என்று எழுதினால் பணிவும் இருக்கும், அவர் உடனே பதிலும் போடுவார்.

இந்த மூன்றில் ‘ஆக்சுவலா’வுக்கு மட்டும் ஓர் இடம் உண்டு: எதிராளி தவறாக நினைத்திருப்பதைத் திருத்தும்போது. “டெலிவரி வெள்ளின்னு நினைச்சோம், ஆக்சுவலா வியாழனே வருது” என்பது சரி. அதற்கும் ‘உண்மையில’ இருக்கிறது. ‘பேசிக்கலி’யை எங்கே எடுத்தாலும் யாருக்கும் நட்டம் வராது.

மகளிர் குழுவில் செயலாளர். விரலால் அடித்து எழுத வராததால் போன் மைக்கில் பேசித்தான் செய்தி போடுகிறேன். பேசியதெல்லாம் எழுத்தாக வந்துவிடுகிறது, ‘அப்புறம் அப்புறம்’ உட்பட. குழுவில் கிண்டல் செய்கிறார்கள்.
– வாசகி, காவேரிப்பட்டணம்

கிண்டல் செய்கிறவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள், அவர்கள் மைக்குக்கு முன்னால் பேசவில்லை, அவ்வளவுதான். காரணம் எளிது. சில நொடி பேச்சு நின்றால் மைக் அணைந்துவிடுகிறது. அது அணைந்துவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் ‘அப்புறம்’, ‘வந்து’, ‘ம்ம்’ என்று நாம் ஓட்டிக்கொண்டே இருக்கிறோம். அணைந்தால் அணையட்டும். திரும்ப அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

மைக்கை அழுத்துவதற்கு முன்னால் முதல் வாக்கியத்தை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். முதல் சொல் பெயராகவோ நாளாகவோ தொகையாகவோ இருக்கட்டும்: “வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம்”, “சந்தா 200 ரூபாய்”. முதல் சொல் தகவலாக இருந்தால் ‘அது வந்து’ நுழைய இடமே கிடைக்காது. ஒரு வாக்கியம் முடிந்ததும் மைக்கை நிறுத்திவிட்டு அடுத்ததை யோசியுங்கள். கடைசியில் ஒரு தடவை படித்துவிட்டு அனுப்புங்கள். அவசரத்தில் அனுப்பிவிட்டாலும் கவலை இல்லை, வாட்ஸ்ஆப்பில் 15 நிமிடத்துக்குள் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்துத் திருத்தலாம்.

விசைப்பலகையும் நம் பழக்கத்தைக் கற்றுக்கொள்கிறது. ‘அது’ என்று அடித்தால் மேலே ‘வந்து’ என்று தானாக எடுத்துக் கொடுக்கும். கூகுள் விசைப்பலகையாக இருந்தால் அந்தப் பரிந்துரையை அழுத்திப் பிடித்து, திரையில் தோன்றும் குப்பைத்தொட்டிப் படத்துக்கு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை தூண்டாது.

எனக்கு எந்தச் சொல் அடிக்கடி வருகிறது என்று எனக்கே தெரியவில்லை. கண்டுபிடிக்க வழி உண்டா?
– ஆசிரியப் பயிற்சி மாணவி, பர்கூர்

கடைசியாக அனுப்பிய 20 செய்திகளை நகலெடுத்து ஒரே கோப்பில் ஒட்டுங்கள். கணினியில் வேர்டோ கூகுள் ஆவணமோ எதுவானாலும் சரி. கண்ட்ரோல், எஃப் இரண்டையும் சேர்த்து அழுத்தி, சந்தேகப்படும் சொல்லை அடித்துப் பாருங்கள். எத்தனை இடம் என்று எண்ணே வந்துவிடும்.

அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ‘வந்து’ என்று தேடினால் ‘வந்துட்டேன்’, ‘வீட்டுக்கு வந்து சாப்பிட்டான்’ எல்லாம் சேர்ந்து வரும். அவை நிஜமான வருகை, கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். ‘தான்’ என்று தேடினால் ‘படித்தான்’, ‘எடுத்தான்’ வினைமுற்றுகள் மாட்டும். ஆனால் ‘தானே’ மாட்டாது, ஏனென்றால் அதில் புள்ளி வைத்த ‘ன்’ இல்லை, ‘னே’ இருக்கிறது. அதைத் தனியாகத் தேட வேண்டும். தேட வேண்டிய மற்றவை: அதாவது, அப்புறம், மாதிரி, எல்லாம், ஒரு, ரொம்ப, சரி, ஓகே, என்னன்னா.

எதில் எண்ணிக்கை அதிகமோ அந்த ஒரு சொல்லை மட்டும் ஒரு வாரம் கவனியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் விரட்டப் போனால் எழுதவே கை வராது.

மாம்பழ சீசனில் ஆன்லைனில் விளம்பரம் போடுகிறேன். “செம டேஸ்ட்டான வேற லெவல் மாம்பழம், உண்மையாலுமே ரொம்ப ரொம்ப ஸ்வீட், கண்டிப்பா ஒரு தடவை ட்ரை பண்ணிப் பாருங்க, நிச்சயமா திரும்ப வாங்குவீங்க!!!” பார்க்கிறார்கள், வாங்குவதில்லை. எழுத்தில் கோளாறா?
– மாந்தோப்புக்காரர், சந்தூர்

பழத்தில் கோளாறு இல்லை என்று நம்புகிறோம். எழுத்தில் இருக்கிறது. செம, வேற லெவல், உண்மையாலுமே, ரொம்ப ரொம்ப, கண்டிப்பா, நிச்சயமா என்று ஆறு அழுத்தம். அழுத்துவதற்குக் கீழே பொருள் வேண்டாமா? என்ன ரகம் என்றுகூட இல்லை.

இவையும் நிரப்புச் சொற்கள்தான். ‘வந்து’ நேரத்தை நிரப்புகிறது, ‘செம’ ஆதாரம் இருக்க வேண்டிய இடத்தை நிரப்புகிறது. எல்லா மாம்பழமும் ‘வேற லெவல்’ ஆகிவிட்ட பிறகு அந்த லெவல் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ‘உண்மையாலுமே’ இன்னும் மோசம்: அப்போ மற்ற வரியெல்லாம்?

வாங்குகிறவர் மனதில் ஓடும் கேள்விகள் வேறு. நறுக்கிச் சாப்பிடவா, ஊறுகாய்க்கா? கல் வைத்ததா, தானாகப் பழுத்ததா? கிலோவுக்கு எத்தனை? எப்போது கைக்கு வரும்? இந்தப் பக்கத்துப் பெங்களூரா ரகம் கூழ் ஆலைக்குப் போகிற காய் என்பது உங்களுக்குத் தெரியும், சென்னையில் இருக்கிறவருக்குத் தெரியாது. செந்தூராவா, மல்கோவாவா, அல்போன்சாவா என்பதை முதல் சொல்லிலேயே சொல்லுங்கள்.

“சந்தூர்த் தோப்பு அல்போன்சா. வைக்கோலில் பழுக்க வைத்தது, கார்பைடு கல் வைப்பதில்லை. கிலோவுக்கு 4 பழம் நிற்கும். 5 கிலோ பெட்டி. செவ்வாய், வெள்ளி பஸ்ஸில் ஏற்றுகிறோம், மறுநாள் காலை கிடைக்கும். வந்ததும் 2 நாள் வெளியே வைத்துச் சாப்பிடவும்.” இதில் உங்கள் பழத்துக்குப் பொருந்தாத எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது, ஆகவே அந்த வரியை உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். ‘2 நாள் வெளியே வைக்கவும்’ என்ற கடைசி வரி, ‘ரொம்ப ரொம்ப ஸ்வீட்’ செய்யாத வேலையைச் செய்யும். பழத்தைத் தெரிந்தவர் விற்கிறார் என்று காட்டும்.

ஆச்சரியக்குறி வேண்டுமென்றால் ஒன்று. மூன்று போட்டால் மூன்று மடங்கு ஆச்சரியம் வராது.

ஊர்த் தெருக்கூத்துக்கு நான் எழுதிய அறிவிப்பு: “அனைவருக்கும் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், நமது ஊரில் எதிர்வரும் வெள்ளிக்கிழமை அன்று இரவு 9 மணி அளவில் தெருக்கூத்து நடைபெற இருக்கிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். அனைவரும் தவறாமல் வருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம் என்பது குறிப்பிடத்தக்கது.” பேச்சு நடை ஒரு சொல்கூட இல்லை. இதிலும் நிரப்பு உண்டா?
– வாசகர், பாப்பாரப்பட்டி

உண்டு, இவை வேட்டி கட்டிய நிரப்புச் சொற்கள். ‘தெரிவித்துக்கொள்வது’ என்று தொடங்கி ‘தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று முடித்திருக்கிறீர்கள். இரண்டு தடவை தெரிவித்தும் தேதியைத் தெரிவிக்கவில்லை. ‘எதிர்வரும் வெள்ளி’ என்பது செய்தி அடுத்த குழுவுக்குப் போய்ச் சேரும்போது போன வெள்ளியாகிவிடும். தேதி போடுங்கள். ‘அன்று’ தேவையில்லை. ‘9 மணி அளவில்’ என்றால் ஜனம் பத்தரைக்கு வரும். எந்தக் கூத்து, எந்த இடத்தில் என்பதும் விட்டுப்போயிருக்கிறது.

‘குறிப்பிடத்தக்கது’வைப் பற்றி: அதற்கு முன்னால் இருப்பதை நீங்களே குறிப்பிட்டாகிவிட்டது. செய்தித்தாள் பத்தியின் கடைசி வரியைப் படித்துப் படித்து ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. அழைப்பின் முடிவில் அது வந்தால், எங்களை அழைத்தது குறிப்பிடத்தக்க சம்பவமா என்று கேட்கத் தோன்றுகிறது.

‘அன்புடன்’ மட்டும் இருக்கட்டும். ஊர் அழைப்புக்கு அது அழகு.

சென்னையில் இருக்கும் மகன், நான் எழுதும் ‘ங்க’ எல்லாம் வேஸ்ட், எடுத்துவிடுங்கள் என்கிறான். எடுக்கத்தான் வேண்டுமா?
– வாசகி, காரிமங்கலம்

எடுக்காதீர்கள். எதிரில் இருப்பவரை மதித்துப் பேசுகிறோம் என்பதைச் சொல்லும் சொல் அது, பொருள் இல்லாத சொல் இல்லை. முதலில் இரண்டு ‘ங்க’வைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘அனுப்புங்க’, ‘வாங்க’ என்பதில் அது வினையின் உறுப்பு. எடுத்தால் ‘அனுப்பு’, ‘வா’ என்று ஏவலாகிவிடும், சண்டை வரும். ‘அனுப்பறேங்க’, ‘ஆமாங்க’ என்பதில் அது மேலே வைத்த மரியாதை. எடுத்தால் வாக்கியம் உடையாது, குரல் மட்டும் விறைப்பாகும்.

மகன் எரிச்சல்படுவது எண்ணிக்கையைப் பார்த்தாக இருக்கலாம். “நேத்து வந்தேங்க, உங்களைப் பாத்தேங்க, நீங்க இல்லைங்க, திரும்பிட்டேங்க” என்று நான்கு வினைக்கும் நான்கு ‘ங்க’ போட்டால் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரியும். (பாத்தேங்க, இல்லைங்க இரண்டும் அடுத்தடுத்து வந்தால் பார்த்தாரா இல்லையா என்றே குழப்பம்!) “நேத்து உங்க வீட்டுக்கு வந்தேன், நீங்க இல்லைன்னு திரும்பிட்டேங்க” என்று கடைசி வினையில் ஒன்று வைத்தால் முழு வாக்கியத்துக்கும் மரியாதை பரவும்.

மகனுக்கு எழுதும்போது ‘ங்க’ தேவையே இல்லை என்பது வேறு விஷயம்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவிலும் இப்படிச் சுருக்கலாமா?
– வாசகர், பென்னாகரம்

சுருக்கலாம், ஆனால் ‘மேற்படி’யைத் தொடாதீர்கள். மேலே சொன்ன அதே நிலம், அதே புல எண் என்று அது சுட்டுகிறது. வெட்ட வேண்டியது முதல் பத்தியில் வரும் “நான் மேற்கண்ட முகவரியில் நிரந்தரமாகக் குடும்பத்துடன் வசித்து வருகிறேன் என்பதைத் தாழ்மையுடன்” போன்ற வரிகளை. முகவரிதான் மேலேயே இருக்கிறதே. பொருள் வரியில் கிராமம், வட்டம், புல எண், என்ன வேண்டும் என்ற நான்கும் வந்துவிட்டால் போதும்.

அம்மா எனக்கு அனுப்பும் எல்லாச் செய்தியும் “சரி…”, “சாப்ட்டியா…”, “வர்றேன்…” என்று புள்ளி புள்ளியாக முடிகிறது. கோபமா என்று பயந்து போன் பண்ணினால் ஒன்றுமில்லை என்கிறார். இந்தப் புள்ளிகள் என்ன?
– விடுதி மாணவி, கிருஷ்ணகிரி

அம்மாவின் புள்ளிகள் மூச்சு. பேச்சில் வாக்கியத்துக்குப் பின்னால் விடுகிற இடைவெளியை அவர் அப்படி எழுதுகிறார். உங்கள் வயதுக்காரர்களிடம் அதே புள்ளிகள் ‘சொல்லாமல் விட்டது இருக்கிறது’ என்று பொருள்படும், அதனால் பயம் வருகிறது. அவரைத் திருத்த வேண்டாம். “சாப்ட்டேம்மா” என்று உடனே பதில் போட்டுவிடுங்கள். நீங்கள் அவருக்கு ‘ம்’ என்று ஒற்றை எழுத்தில் அனுப்புவதைப் பார்த்து அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்களா?